எடை நாள்

மாதத்தில் இரண்டாவது புதன்.
நோ ஏவா கால்வாய்ப் படகில் வந்து இறங்கி
பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில்
மீன்காரன் தராசு மாதிரி ஒன்றைத் தொங்கவிடுவாள்.
நீலத் துணித் தொட்டிலில்
ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் ஆடும்.
முள் நின்ற இடத்துக்கு அட்டையில் ஒரு புள்ளி.
புள்ளிகளைச் சேர்த்தால் மேலேறும் கோடு.

என் மகன் கோடு நன்றாகவே ஏறியது.
நாலு கிலோ இருநூறு.
பால் இருக்கா, காய்ச்சல் உண்டா, உதிரம் நின்றதா?
இருக்கு. இல்லை. நின்றது.
அட்டையில் என் பெயர் மா வின் மே,
வீட்டில் பவளக்கொடி.
அன்று கேட்டதற்கெல்லாம்
மா வின் மே சரியாகத்தான் பதில் சொன்னாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
மாமியார் மஞ்சள் அரைத்து உடம்பெல்லாம் பூசினார்.
பக்கத்து வீட்டு பர்மாக்காரி
சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி
என் வயிற்றில் வைத்துவிட்டுப் போனாள்.
மகாசாயில் இறால் உரிக்கும் அவர்
ஞாயிறுதோறும் போனில் முகம் காட்டி
"பையன் என்னைப் போலவா?" என்பார்.
ஆமாம் என்பேன்.
அவன் முகத்தை நான் பார்ப்பதை விட்டு
அப்போது இருபது நாள்.

அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை.
ஈர நெல் மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டு
இறக்க ஆள் இல்லாமல் போன மாதிரி.
இல்லை, அப்படியும் இல்லை.
மூட்டைக்குக் கனம் உண்டு.

விடிகாலை அவன் கத்தும்போது
யார் வீட்டுப் பிள்ளையோ கத்துகிறது,
அதன் தாய் எங்கே தொலைந்தாள்
என்று கோபம் வரும்.

ஒரு நாள் படித்துறையில் துணி அலசினேன்.
பக்கத்துப் பலகையில் அவன்.
பலகைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்.
அந்த ஒரு சாணை
எவ்வளவு நேரம் பார்த்திருந்தேனோ,
லுங்கி ஒன்று மிதந்து போயே விட்டது.
அவனை வாரிக்கொண்டு ஓடினேன்.
வாளி அங்கேயே கிடந்தது.

அடுத்த எடை நாளில்
அட்டையை வாங்கிய பிறகும் நகரவில்லை.
பின்னால் வரிசை நெளிந்தது.
நோ ஏவா கரேன்காரி, நான் தமிழ்.
இருவருக்குமே அந்த மொழி கடன்தான்.
"செய்ஞிட்டே" என்றேன்.
பர்மியத்தில் வருத்தத்தை அப்படித்தான் சொல்வார்கள்,
மனசு அழுக்காகிவிட்டது என்று.
பரீட்சையில் தோற்ற பையன் சொல்வான்,
மழைக்குக் கடை மூடுகிறவன் சொல்வான்.
அவள் அடுத்த பிள்ளைக்குக் கை நீட்டினாள்.
நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.
"எத்தனை நாளாய்?"
"லுங்கி மிதந்து போன நாளிலிருந்து.
அதற்கு முன்பிருந்தும்."

தனப்பின் ஆஸ்பத்திரியில் இதற்கு டாக்டர் இல்லையாம்.
ரங்கூனில் உண்டாம்.
படகு, பஸ், நடுவில் மூன்று சோதனை கேட்,
ராத் தங்க யார் வீடு,
இடுப்பில் பால் குடிக்கிற பிள்ளை.

வரப்பில் ஏறி
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்தாள்.
செருப்பைக் கையில் பிடித்தபடி நானும்.
ரங்கூனிலிருந்து ஒரு பெண்குரல், பின்னால் பஸ் ஹாரன்.
"பிள்ளையோடு தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று தோன்றியதா?"
காய்ச்சல் உண்டா என்று கேட்கிற அதே குரல்.
அதனால்தான் ஆமாம் என்று வாய் வந்தது.
நாலு தடவை லைன் அறுந்தது,
நாலு தடவையும் அவளே போட்டாள்,
அவள் காசில்.

மாத்திரை பத்து நாள் கழித்து
செருப்பு வியாபாரியின் பார்சலுக்குள் வந்தது.
மாமியாரிடம் நோ ஏவா என்ன சொன்னாளோ தெரியாது.
அவர் என்னை எதுவும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து துணி அலச அவரே போனார்.

குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
சில விடிகாலைகளில் இன்னும்
யார் வீட்டுப் பிள்ளையோதான்.

இன்று எடை நாள்.
நீலத் துணியில் அவன் மெதுவாகச் சுழன்றபோது
முள்ளை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன்.
அவரைப் போல் இல்லை.
காது மட்டும் என் தம்பி காது.
ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.